25,000 ரூபாய்க்கு எவ்வளவு வேகம்?

கவிதையும் கதையும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். புத்தக அலமாரிக்கு வெளியே எனக்கிருக்கும் பித்து இது ஒன்றுதான். அண்மையில் இந்தப் பித்துக்கு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. அதனால் எழுதத் தோன்றியது.

என் அக்கா மகனுக்கு வயது 23. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தாம்பரத்தில் அறை. சில மாதங்களுக்கு முன் யமஹா ஆர்15 வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினான். 2020ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு, பிஎஸ்6 வகை. வாங்கிய மூன்றாம் மாதமே 25,000 ரூபாய் சேர்த்துவிட்டான். வண்டியை இன்னும் வேகமாக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். ஒரு தாளில் பட்டியல் எழுதி எடுத்துவந்தான்: சத்தமான சைலென்சர், பெட்ரோல் தெளிப்பைக் கூட்டும் மின்னணுப் பெட்டி, புதிய ஏர் ஃபில்டர், இன்னும் அகலமான பின் டயர், தங்க நிற பிரேக் லீவர்கள்.

அவன் வருவதற்கு முன்பே அக்காவிடமிருந்து தொலைபேசி வந்துவிட்டது. "நீ சொன்னாதான்டா அவன் கேப்பான். எதுவும் வேணாம்னு சொல்லிடு."

வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் 23 வயதில் என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன். அங்கே வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்திருப்பார். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் போய்வரும் பையன் அவன். அவனுடைய கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைத்தாக வேண்டும். எனவே பட்டியலை வாங்கி மேசையில் வைத்து, இருவரும் ஒவ்வொரு வரியாகப் பார்க்கத் தொடங்கினோம்.

*

சைலென்சரை மாற்றினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. என் கணிப்பில் அது ஆர்எக்ஸ்100 விட்டுச்சென்ற சொத்து. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த 98 சிசி வண்டியை நானும் வைத்திருந்தேன். அது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். அந்த வகை இஞ்சினில் புகைபோக்கி என்பது வெறும் குழாய் அன்று, இஞ்சினின் ஓர் உறுப்பு. வெளியேறும் புகையின் அழுத்த அலை, குழாயின் குவிந்து சுருங்கும் பகுதியில் மோதித் திரும்பி வரும். தப்பி வெளியே ஓடப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். எனவே குழாயின் நீளத்தையும் வயிற்றுப் பருமனையும் மாற்றினால் விசை மெய்யாகவே மாறும். சிலிண்டரின் துவாரங்களை அரத்தால் ராவி அகலப்படுத்தும் 'போர்ட்டிங்' கலையில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் அன்று சென்னையில் இருந்தார்கள். அவர்கள் கைபட்ட வண்டி வேறு வண்டியாகவே திரும்பி வரும்.

அந்த நினைவைத்தான் நாம் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின்மேல் ஏற்றிப் பார்க்கிறோம். இங்கே வால்வுகள் திறந்து மூடுகின்றன. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி, சீரான ஓட்டத்தில் கலவை மிகாமலும் குறையாமலும் இருக்கிறதா என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் குழாயின் கடைசித் துண்டை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டினால் பெரும்பாலும் மாறுவது ஒலி. ஒலி கூடியதும் காது வேகத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பழைய கணக்கே வரும்.

இதைச் சொன்னபோது அவன் முகம் சற்று வாடியது. "அப்ப அந்தப் பெட்டி, மாமா?" என்றான்.

பெட்டியின் கதையைப் புரிந்துகொள்ள அவன் வண்டியின் இஞ்சினைப் பார்க்க வேண்டும். 155 சிசி, 10,000 சுழற்சியில் 18.6 குதிரைத்திறன். ஒரு லிட்டர் கொள்ளளவுக்குக் கணக்கிட்டால் 120 குதிரைத்திறன் வருகிறது. பிஸ்டன் ஒரு வீச்சில் போகும் தூரம் 58.7 மில்லிமீட்டர். 10,000 சுழற்சி என்றால் நொடிக்கு 166 முறைக்கும் மேலாக அது மேலும் கீழும் போய்வருகிறது. சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய இருபது மீட்டர். அழுத்த விகிதம் 11.6. குறிப்பிட்ட சுழற்சியைத் தாண்டியதும் உள்வாங்கும் வால்வைக் கூடுதலாகத் திறக்கும் தனி ஏற்பாடும் உண்டு. அதாவது, இந்தச் சிறிய இஞ்சினைப் பிழிய வேண்டிய அளவுக்குத் தொழிற்சாலையிலேயே பிழிந்துவிட்டார்கள். எஞ்சிய சாறு கொஞ்சம். அதை எடுக்க விலை அதிகம். புகைக் கட்டுப்பாட்டையும் இஞ்சினின் ஆயுளையும் பணயம் வைக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. இந்த அளவுள்ள வண்டிக்குச் சுற்றுச்சூழல் விதிகள் வகுத்த ஒலி வரம்பு 77 டெசிபல். விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் காப்பீட்டு நிறுவனம் இவற்றையெல்லாம் கேட்கும். அவன் அறைக்கு மேல்மாடியில் கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்றும் உண்டு. இரவுப் பணி முடிந்து ஒன்றரை மணிக்கு வீடு திரும்புகிறவன் அவன்.

*

பிறகு ஒரு கணக்குப் போட்டோம். பள்ளிக்கூடக் கணக்குதான். வண்டியின் எடை 142 கிலோ, அவன் எடை 68. மொத்தம் 210. இதை 18.6ஆல் வகுத்தால் ஒவ்வொரு குதிரையும் 11.3 கிலோவைச் சுமக்கிறது. சைலென்சரும் பெட்டியும் சேர்ந்து ஒரு குதிரைத்திறனைக் கூட்டுகின்றன என்றே வைத்துக்கொள்வோம், சுமை 10.7 கிலோவாகக் குறையும். இதே பயனை எடையைக் குறைத்தும் பெறலாம். மொத்தத்தில் பத்தே முக்கால் கிலோ குறைந்தால் போதும்.

அவன் ஒல்லி. அவனிடம் குறைக்க எதுவும் இல்லை. ஆனால் தினமும் அவன் பின்னால் ஒரு நண்பன் உட்கார்ந்து வருகிறான். எழுபது கிலோ இருப்பானாம்.

"அவன பஸ்ல வரச் சொல்லு மாப்ளே. ஆறு குதிரை லாபம்" என்றேன்.

சிரித்தான். ஆனால் கணக்கு பொய்யில்லை. இருவரும் ஏறினால் மொத்தம் 280 கிலோ. தனியாகப் போகும்போது கிடைக்கும் அதே துடிப்பு அப்போதும் கிடைக்க வேண்டுமானால் வண்டிக்கு 24.8 குதிரைத்திறன் தேவை. எந்தக் கடையிலும் இந்த விலைக்கு அது கிடைக்காது. நண்பனை இறக்கிவிட அவனுக்கு மனம் வரவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் 25,000 ரூபாய் எந்த அளவுக்கு வேகத்தை வாங்கித் தரும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

*

அதன் பிறகே கீழே இறங்கி வண்டியைப் பார்த்தோம். பட்டியலை முதலில் பார்த்ததற்குப் பதில் வண்டியை முதலில் பார்த்திருந்தால் பேச்சு இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

செயின் ஓரிடத்தில் தொங்கியது, சக்கரத்தைச் சுற்றினால் மற்றோரிடத்தில் விறைத்தது. பின் பல்சக்கரத்தின் பற்கள் அலைபோல் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தன. ஏர் ஃபில்டரின் மடிப்புகளில் ஒரகடத்துச் செம்மண் படிந்திருந்தது. பிரேக் திரவம் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பின் டயர் நெடுஞ்சாலை ஓட்டத்தில் நடுவே தேய்ந்து தட்டையாகியிருந்தது. முன் டயரைக் காட்டி, "இதுல பட்டன் நல்லாவே இருக்கு மாமா" என்றான். உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன: 2620. 2020ஆம் ஆண்டின் 26ஆவது வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள். நகத்தால் அழுத்திப் பார்த்தான், இறுகிப்போயிருந்தது. ரப்பருக்கும் மூப்பு உண்டு. பட்டன் தேயாமலே அது பிடிமானத்தை இழக்கும். மழை பெய்த சாலையில்தான் அது தெரியவரும்.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இருக்கிறது. நாம் 'கம்பெனி ஃபிட்டிங்' என்று சொல்லி, அதிலிருந்து மேலே போக ஆசைப்படுகிறோம். பழைய வண்டி ஒன்று கம்பெனி நிலையில் இருப்பதே இல்லை. ஐந்தாறு ஆண்டு வெயிலிலும் தூசியிலும் அது அங்கிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கும். நாளுக்கு ஓர் இழை என்று இறங்குவதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. அவன் மேம்பாடு என்று கேட்டதில் பெரும்பகுதி அந்த வண்டி என்றோ வைத்திருந்து தொலைத்ததுதான். சிறிய பட்ஜெட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு, வண்டியை அது பிறந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுபோவது. அதை வாங்கி மாட்டியவர் பெருமையாகக் காட்டிக்கொள்ள முடியாது. நண்பர்கள் கண்ணுக்கு எதுவும் படாது. அதனாலேயே அது எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

செலவு வரிசையை இப்படி வைத்தோம். முதலில் டயர்கள், முன்னும் பின்னும், கம்பெனி சொன்ன அதே அளவில். அகலமான பின் டயர் வேண்டும் என்ற ஆசையை அவனே கைவிட்டான். அகலம் குறைந்த ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் இரு பக்கமும் கிள்ளியதுபோல் டயரின் வளைவு கூர்மையாகிறது, எடையும் கூடுகிறது, வண்டியைத் திருப்பக் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. சாலையை இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான் தொடுகிறது. அந்த உள்ளங்கைகள் மென்மையாகவும் சரியான காற்றழுத்தத்துடனும் இருப்பதே முக்கியம்.

அடுத்து பிரேக். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவையான தூரத்தைவிட 80இல் முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதலாகத் தேவை. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அந்தத் தூரம் வளர்கிறது. 80இல் போகிறவர் கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 22 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். சூடேறும்போது குழாய்க்குள் ஆவி உண்டாகி, லீவர் பஞ்சுபோல் அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை இந்த வண்டியில் ஒருமுறைகூட மாற்றியதாகத் தெரியவில்லை. ஒரு புட்டி திரவம், இரண்டு ஜோடி பேட். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே என்றான். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

மூன்றாவது, முன் ஃபோர்க். அதற்குள்ளிருக்கும் எண்ணெய் நீர்த்துப் போயிருக்கிறதா என்று அறிய ஐந்து ரூபாய் கேபிள் டை போதும். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் அதைச் சுற்றி இறுக்கிவிட்டு ஒரு சுற்றுப் போய்வந்தால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு மேலே அது நகர்ந்திருக்கும். எங்கள் தெருவின் இரண்டு வேகத்தடைகளைத் தாண்டி வந்ததற்கே அது எல்லைக்கு அருகில் போய் நின்றது. அவன் வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ராபர்ட் பிர்சிக்கின் 1974ஆம் ஆண்டு நூல் நினைவுக்கு வந்தது. 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்று நண்பர்கள் பலரும் அறிந்த நூல். அதில் கதைசொல்லி, நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் நழுவும் கைப்பிடியை ஒரு பீர் டின்னின் தகட்டை வெட்டி வைத்தே சரிசெய்யலாம் என்கிறார். நண்பருக்கோ தன் உயர்ந்த வண்டியில் பீர் டின்னா என்று முகம் சுளிக்கிறது. தகட்டின் தன்மையைப் பார்க்கிறவருக்கும் அதன் குலத்தைப் பார்க்கிறவருக்கும் உள்ள வேறுபாடு அது. கதையைச் சொன்னேன். "அப்ப நம்ம கேபிள் டை ஜெயிச்சிருச்சு" என்றான்.

*

நான்காவது, செயின் செட். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். வேகத்தின் மீதான அவன் ஆசைக்கு இங்கே கொஞ்சம் இடம் இருந்தது. முன்னால் 14 பல், பின்னால் 48 பல் என்று எடுத்துக்கொண்டால் விகிதம் 3.43. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.69. எல்லா கியரிலும் பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை 7.7 விழுக்காடு கூடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் பிக்கப் இது. எந்தச் சைலென்சரும் இதற்கு ஈடாகாது. ஆனால் இலவசம் இல்லை. 100 கிலோமீட்டரில் ஓடிய அதே சுழற்சியில் வண்டி இனி 93இல்தான் போகும். நெடுஞ்சாலையில் இஞ்சின் எப்போதும் சற்று அலறிக்கொண்டிருக்கும். சிறிய வட்டத்தில் வளைவதால் செயினும் சீக்கிரம் தேயும். கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து விலகுவது என்ற கேள்வியும் உண்டு.

"நீ எந்த சுழற்சியில கியர் மாத்துற?" என்று கேட்டேன்.

"அஞ்சாயிரம் மாமா. மைலேஜ் வேணும்ல."

அந்த இஞ்சின் தன் முழு இழுவிசையைத் தருவது 8,500 சுழற்சியில். இவன் ஐந்தாயிரத்தைத் தாண்டவிடாமல் ஆறாவது கியரில் போட்டு வைத்துக்கொண்டு, லாரியை முந்தும்போது பிக்கப் இல்லை என்கிறான். ஆறிலிருந்து நான்குக்கு வந்தாலே, முன் பல்சக்கரத்தில் ஒரு பல் தரும் லாபத்தைவிடப் பல மடங்கு கிடைக்கும். அடுத்த ஞாயிறு காலை, ஆளில்லாத நேரத்தில் போய்ப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து, "வேற வண்டி மாதிரி இருக்கு மாமா" என்றான். பல்சக்கரம் கம்பெனி எண்ணிக்கையிலேயே இருக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான். ஆறு கியர்களுக்கும் அவன் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறான். மூன்று மாதமாகப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

*

கடைசிக் கணக்கு இது. டயர்கள் 8,500, செயின் செட் 3,500, பிரேக் பேடும் திரவமும் 2,000, ஃபோர்க் எண்ணெயும் சீலும் 1,500, கம்பெனி ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் 800. ஆக 16,300. கையுறைக்கு 2,000. மீதி 6,700 ரூபாய்.

இந்த மீதியைக் கொண்டு என்ன செய்வது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருந்தது. நம் ஊரில் வேகத்துக்கென்று இடம் எப்போதும் இருந்திருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்றில், சோழவரத்தில், பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் 12 வளைவுகளோடு நிலையான ஓடுதளமே வந்துவிட்டது. ஒரகடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். பொதுச் சாலையில் ஒருவருக்குத் தன் வண்டியின் எல்லை தெரியவருவது பெரும்பாலும் விபத்தின்போதுதான். எதிரே லாரி வராத, நடுவே மாடு படுக்காத, விழுந்தால் உருள இடமுள்ள ஓரிடத்தில், அருகே பயிற்சியாளர் ஒருவர் நிற்க அதைத் தெரிந்துகொள்வது வேறு. எங்கே பார்ப்பது, எப்போது பிரேக்கை விடுவது, வளைவில் உடம்பை எங்கே வைப்பது என்று ஒருநாள் கற்றுக்கொண்டது அடுத்து எந்த வண்டி வாங்கினாலும் கூடவே வரும். சைலென்சர் அந்த வண்டியோடு விலைபோய்விடும். வாங்குகிறவர் அதற்கென்று தனியாகத் தரவும் மாட்டார்.

அவன் ஒப்புக்கொண்டான். ஒரு நிபந்தனையோடு. தங்க நிற லீவர்கள் 1,200 ரூபாய், அவற்றை வாங்கிக்கொள்வானாம்.

அவற்றால் வண்டி ஓர் அங்குலம்கூட வேகமாகப் போகாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் முகமே தெரியாத செலவுகளில் 18,300 ரூபாயைக் கொட்டிய 23 வயதுப் பையனுக்கு, காலையில் துணி விலக்கி வண்டியைப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று மின்ன வேண்டாமா? தரமானதாகப் பார்த்து, விரல் எட்டும் தூரத்தை அவன் கைக்கேற்பத் திருத்தி மாட்டினோம். மிச்சம் 5,500 ரூபாய். பயிற்சி நாளுக்கென்று அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். போதாததைச் சேர்க்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றான்.

அக்காவுக்குத் தொலைபேசியில் முழுக் கணக்கையும் வாசித்துக் காட்டினேன். டயர், பிரேக் எல்லாம் கேட்டு நிம்மதியானாள். லீவர் வந்ததும் நிறுத்தினாள்.

"அது எதுக்குடா?"

"அழகா இருக்கும்க்கா" என்றேன்.